அக்கரைக்கு மட்டும் எரியும் விளக்கு

என் மகன் உருவாக்கிய வீடியோ கேமில் நம் கையில் இருக்கும் விளக்கு நமக்கு வழி காட்டாது. திரையில் ஒரு ஆறு ஓடும். இந்தக் கரையில் நாம், அந்தக் கரையில் இன்னொருவர். இரண்டு கரையும் இருட்டு. நாம் விளக்கை எங்கே வைக்கிறோமோ அதற்கு நேர் எதிரே அக்கரையில் வெளிச்சம் விழும். அங்கே இருப்பவர் அந்த வெளிச்சம் எட்டும் தூரம் வரை நடக்கலாம். நாம் நடக்க வேண்டுமென்றால் அவர் நமக்காக ஒரு விளக்கு வைக்க வேண்டும். பேச முடியாது, எழுத முடியாது. மதிப்பெண் கிடையாது, எதிரி கிடையாது. இருவரும் ஒரே நேரத்தில் ஆட வேண்டும் என்பதும் இல்லை. காலையில் ஒருவர் வைத்துவிட்டுப் போன விளக்கு, மற்றவர் மாலையில் வந்து நடக்கும் வரை எரிந்துகொண்டிருக்கும். ஒரு நாளுக்கு மேல் புது விளக்கு எதுவும் வைக்காமல் விட்டால் எல்லாம் அணைந்துவிடும். அப்போது அக்கரையில் இருக்கும் ஆள் தரையில் உட்கார்ந்து காத்திருப்பார்.

இந்த விதிகளைத் தெரிந்துகொள்ளாமல் நான் செய்த காரியத்தைப் புரிந்துகொள்ள முடியாது. அதனால்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நான் கடக்வாஸ்லா பக்கம் அரசுப் பணியில் இருந்தவன். ராணுவத்தில் சேரப்போகும் பையன்களுக்குக் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றேன். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்காகப் புனேவுக்கு வந்து, வாழ்நாளில் பாதிக்கு மேல் இங்கேயே கழித்துவிட்டு, ஔந்தில் ஒரு குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருக்கிறேன். எங்களுக்கு ஒரே மகன். ஹிஞ்சவாடியில் மென்பொருள் வேலையில் இருந்தான். அதை விட்டுவிட்டு, நகரத்தின் மறுகோடியில் கராடியில் இரண்டு நண்பர்களோடு ஓர் அறையை வாடகைக்கு எடுத்து வீடியோ கேம் செய்ய ஆரம்பித்தான்.

அவன் செய்தவை கடையில் விற்கும் சுடுகிற, ஓடுகிற ரகம் இல்லை. முதல் ஆட்டத்தில், பொத்தானைத் தொடாமல் இருந்தால்தான் ஆள் நடப்பான், தொட்டால் நின்றுவிடுவான். இன்னொன்றை ஒருவர் ஒரே ஒரு முறைதான் ஆடலாம், தோற்றாலும் ஜெயித்தாலும் அதோடு சரி. மற்றொன்றில் படமே கிடையாது. திரை முழுக்கக் கறுப்பாக இருக்கும். காதில் கேட்கும் சத்தத்தை வைத்து, ஒரு வீட்டுக்குள் ஒளிந்திருக்கும் பூனையைத் தேட வேண்டும். ஒவ்வொன்றையும் முடித்ததும் முதலில் என்னிடம்தான் கொண்டுவந்து கொடுப்பான். நான் விடைத்தாள் திருத்துவதைப் போல அதைப் பார்ப்பேன்.

“இதுல என்ன கண்டுபிடிக்கணும்?” என்று அந்தப் பூனை ஆட்டத்தின்போது கேட்டேன்.

“பூனையை.”

“கண்டுபிடிச்சா?”

“ஒரு தடவை கத்தும்பா. அவ்ளோதான்.”

“இதுக்கா வேலையை விட்ட?”

சமையலறையிலிருந்து என் மனைவி சொன்னாள்: “எனக்கு நேத்தே கிடைச்சுதுங்க. பீரோவுக்குப் பின்னால இருந்துச்சு. குட்டி வேற போட்டிருக்குது.”

அவன் ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். “அரே, குட்டி சத்தம் உனக்குக் கேட்டுச்சா? யாருக்குமே அது கேக்கலை, என் ஃபிரெண்ட்ஸுக்கே கேக்கலை.” எனக்கும் கேட்கவில்லை. நான் காதில் மாட்டியதைப் பாதியிலேயே கழற்றிவிட்டேன். அதை அவனிடம் சொல்லவில்லை.

அவனோடு வேலை பார்த்த ஒரு பெண்ணை அவனுக்குப் பிடித்திருந்தது. அவளும் நம் பக்கத்துக் குடும்பம்தான். நிச்சயம் செய்ய நாள் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில் பெண்ணின் அப்பா கோவையிலிருந்து எனக்குப் போன் செய்தார். பேச்சோடு பேச்சாக, “பையன் இப்ப என்ன பண்ணீட்டிருக்காருங்க?” என்றார். “பொம்மை விளையாட்டு பண்ணீட்டிருக்கானுங்க. எனக்கு ஒரு பொண்ணு இருந்தா இந்த மாதிரி மாப்பிள்ளைக்குக் குடுக்க மாட்டேன்” என்றேன். அன்று அதை நேர்மை என்று நினைத்தேன். இன்று அதற்கு வேறு பெயர் தெரிகிறது. என் சொல்லைக் கேட்காத மகனை, என்னை மதிக்கும் ஒரு மனிதரிடம் காட்டிக்கொடுத்தேன். கல்யாணம் நின்றது.

அவன் வந்து சத்தம் போடவில்லை. அவனுடைய கணினியையும் துணிகளையும் எடுத்துக்கொண்டு கிளம்பினான். லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது மட்டும், “நீங்க பொய் சொல்லலைப்பா. அதான் பிராப்ளம்” என்றான்.

அதற்குப் பிறகு அவன் தினமும் அம்மாவுக்குப் போன் செய்துகொண்டிருந்தான். அவள் அறைக்குள் போய்த் தாழ்ந்த குரலில் பேசுவாள். என் வீட்டில் என்னை விட்டுவிட்டு ஒரு பேச்சு நடக்கிறதே என்று எனக்கு உடம்பெல்லாம் எரியும். ஒருநாள் அவள் கையிலிருந்து போனைப் பிடுங்கி, “இந்த வீட்டுல உனக்கு யாரும் இல்லை” என்று சொல்லி வைத்துவிட்டேன். அவளிடமும், “இனி அவனோட பேச்சு வெச்சுக்கக் கூடாது” என்றேன். அவள் அழவில்லை. “சரிங்க. பேசலை” என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள். அம்மாவுக்குத் தொந்தரவு வரக்கூடாது என்று அவனும் போன் செய்வதை நிறுத்திவிட்டான்.

சில மாதம் கழித்துக் கூரியரில் ஒரு டேப்லெட் வந்தது. என் மனைவி அதைச் சிலேட்டு என்பாள். அதில் இந்த ஆற்று ஆட்டம் மட்டும்தான் இருந்தது. காலையில் வேலையெல்லாம் ஓய்ந்ததும் அவள் சாப்பாட்டு மேசையில் அதை வைத்துக்கொண்டு உட்காருவாள். ஒருநாள் பின்னால் நின்று பார்த்தேன்.

“இது யாரு?”

“ஆத்துக்கு அக்கட்டால உங்க பையன். இக்கட்டால நான்.”

“பேச்சு வெச்சுக்கக் கூடாதுன்னு சொன்னேனே.”

“எங்கீங்க பேசறோம்? நடக்கறோம்.”

விட்டுவிட்டேன். ஆனாலும் பின்னால் நின்று பார்ப்பதை நிறுத்தவில்லை. அவள் விளக்கு வைக்கும் முறையைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. ஒரு நாளைக்குக் கையில் இருப்பதே சில விளக்குகள்தான். பாதை திரும்பும் இடங்களில் வைத்தால் அவன் வேகமாக மேலே போகலாம். அவளோ ஒரு பட்டமரத்துக்குப் பக்கத்தில் வைப்பாள். அடுத்ததை நாலடி தள்ளி ஒரு பாறையின் மேல் வைப்பாள். அக்கரையில் அவனும் அங்கே வந்து வெகுநேரம் நின்றுகொண்டிருப்பான்.

“வளைவுக்கு வளைவு வெச்சா பாதி விளக்குல முடிஞ்சுடும்” என்றேன்.

“முடிஞ்சு?” என்று திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

அந்த வருடம் மழை சீக்கிரமே தொடங்கி விடாமல் பெய்தது. அவளுக்குச் சளி பிடித்தது. பிறகு காய்ச்சல் வந்தது. காய்ச்சலோடு சமைத்தாள். மூச்சு வாங்கியபோது கூட்டிக்கொண்டு போனேன். நுரையீரலில் தொற்று என்று சொல்லி வார்டில் சேர்த்தார்கள். துணிப் பையில் மாற்றுப் புடவையோடு சிலேட்டையும் அவளே எடுத்து வைத்திருந்தாள்.

மறுநாள் ஊசி குத்திய கை வீங்கிப்போயிருந்தது. இன்னொரு கையில் அசைக்கக் கூடாதென்று கட்டுப் போட்டிருந்தார்கள். முகத்தில் ஆக்ஸிஜன் மூடி. அதற்குள்ளிருந்தே கூப்பிட்டாள்.

“ஏனுங்க, அந்தச் சிலேட்டை எடுங்க. என்ற கையைத் தூக்கவே முடியலை. அவன் நின்னுட்டு இருப்பான்.”

“நானா?”

“நீங்க பேச வேண்டாம். விளக்கை மட்டும் வைங்க.”

“எங்கே வைக்கட்டும்?”

“அந்த வளைவுல வேண்டாம். தண்ணி சலசலன்னு கேக்குது பாருங்க, அங்க.”

“அங்க ஒண்ணுமே இல்லையே.”

“இருக்கட்டும்.”

வைத்தேன். சற்று நேரத்தில் அக்கரையில் அவனுடைய உருவம் வந்து அந்த வெளிச்சத்தில் நின்றது. கட்டைவிரல் அளவுகூட இல்லாத ஒரு பொம்மை. முகம் கிடையாது. ஆனால் அது என் மகன் என்று எனக்குத் தெரிந்தது. அவன் வைத்த விளக்கில் எங்கள் கரையிலும் வெளிச்சம் வந்தது. அவள் மூடிக்குள் சிரித்தது கண்ணில் தெரிந்தது. அன்றே நான் அவனுக்குப் போன் செய்திருக்க வேண்டும். ‘அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கா’ என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். வார்டில் சேர்த்திருக்கிறார்கள், இரண்டு மூன்று நாளில் வீட்டுக்குப் போய்விடலாம், இதற்குப் போய் எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்கு மறுநாள் அவளை ஐசியூவுக்கு மாற்றினார்கள். அங்கே சிலேட்டையெல்லாம் கொண்டுபோகக் கூடாது. காலையும் மாலையும் சற்று நேரம் மட்டும் உள்ளே விடுவார்கள். மற்ற நேரம் கீழே உறவினர்கள் காத்திருக்கும் கூடத்தில் உட்கார்ந்திருப்பேன். ஈரக் குடைகளும், டிபன் தூக்குகளும், போனில் மராத்தியில் யாருக்கோ நிலவரம் சொல்லிக்கொண்டிருப்பவர்களும் நிறைந்த கூடம். அங்கே எல்லோரும் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் பையிலிருந்து சிலேட்டை எடுத்து விளக்கு வைத்தேன்.

இப்போது என் விருப்பப்படி வைத்தேன். வளைவுக்கு வளைவு, சம இடைவெளியில். அவன் அதைப் பிடித்துக்கொண்டு விரைவாக நடந்தான். பதிலுக்கு எனக்கும் அதே மாதிரி வைத்தான். நான் ஒரு மேட்டைத் தாண்டினால் அடுத்த பள்ளத்தில் அவன் வைத்த வெளிச்சம் தயாராக இருக்கும். ஒரு முறை வேண்டுமென்றே பாதை இல்லாத இடத்தில் ஒன்றை வைத்துப் பார்த்தேன். அவன் அங்கே போய் முட்டி நின்றுவிட்டு, சும்மா இருக்காமல், எனக்கும் அதே மாதிரி ஒரு முட்டுச்சந்தில் விளக்கு வைத்தான். கூடத்தில் உட்கார்ந்து நான் சிரித்தேன். மேலே என் மனைவி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கும்போது கீழே நான் சிரித்தேன்.

இதைத்தான் நான் மழுப்பாமல் சொல்ல வேண்டும். அவனைப் பதற வைக்க வேண்டாமென்றுதான் போன் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். கௌரவம் பார்த்தது உண்மை. நானாகப் போன் செய்தால் ‘இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா’ என்பான் என்ற பயமும் இருந்தது. அதற்கும் மேலே ஒன்று இருந்தது. போன் செய்தால் அந்த ஆட்டம் முடிந்துவிடும். அவனுக்கு நான் வைக்க, எனக்கு அவன் வைக்க, நான் கேட்காமலே என் மகன் எனக்கு வழி காட்டிக்கொண்டிருந்தான். அவன் பிறந்ததிலிருந்து எங்களுக்குள் அப்படி ஒரு நேரம் வாய்த்ததில்லை. அதை இன்னொரு நாள், இன்னொரு நாள் என்று வைத்துக்கொண்டேன்.

டாக்டர் சின்ன வயதுக்காரர், மராத்திக்காரர். ஐசியூ கதவுக்கு வெளியே வந்து, “அங்கிள், பச்சோங்கோ புலா லீஜியே” என்றார். பிள்ளைகளைக் கூப்பிட்டுவிடுங்கள் என்று அர்த்தம். நான் தலையாட்டினேன். அத்தனை வருடம் இந்தி பேசும் பையன்களோடு பழகியவனுக்கு அது புரியாமலா போகும்?

அன்று மாலை உள்ளே போனபோது அவள் விழித்திருந்தாள். குரல் தேய்ந்திருந்தது. குனிந்து கேட்டேன்.

“அவன் நடக்கறானுங்களா?”

“நல்லா நடக்கறான்.”

“போதுமுங்க. அவனை வரச்சொல்லுங்க.”

“சொல்றேன்.”

கீழே வந்து போனை எடுத்தேன். அவன் எண்ணைத் தேடி வைத்துக்கொண்டு, முதல் வார்த்தை என்ன சொல்வதென்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே சிலேட்டைத் திறந்தேன். அவன் எனக்காகப் புதிதாக மூன்று நான்கு விளக்குகள் வைத்திருந்தான். போனைச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

காலையில் அவள் கேட்டாள்: “சொல்லிப்போட்டீங்களா?”

“சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னான்?”

“வரேன்னான்.”

அவள் முகம் தெளிந்தது. நர்ஸைக் கண்ணால் அழைத்துத் தலையைச் சீவிவிடச் சொன்னாள். அந்தக் கேரளத்துப் பெண், “பையன் வரானா அம்மா?” என்று கேட்டுக்கொண்டே சடை பின்னிவிட்டாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று மாலையும் அவள் கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்குள் சொல்லிவிட வேண்டும் என்று இறங்கி வந்தேன். இறங்கியபின் நாளை காலை என்று ஆகிவிட்டது.

மறுநாள் காலை நான் வீட்டிலிருந்து கிளம்பும் முன் ஒரு விளக்கு வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. போய்ப் பார்த்தேன். அதன் பிறகுதான் என் மகனுக்குப் போன் செய்தேன். நான் அவ்வளவு யோசித்த முதல் வார்த்தை எதுவும் தேவைப்படவில்லை.

“அம்மா போயிட்டா” என்றேன்.

எனக்கு ஏதோ குழப்பம் என்பதைப் போல அவன் பொறுமையாகச் சொன்னான்: “அப்பா, இப்பத்தானே விளக்கு வந்துச்சு.”

ஔந்த் மின்மயானத்தில் எல்லாம் முடிந்தது. மழையில் நண்பர்கள் சிலர் வந்திருந்தார்கள். அவன் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தான். என்னோடு வீட்டுக்கு வந்தான். பால்கனியில் துணி உலர்த்தும் கொடிக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு இருவரும் உட்கார்ந்தோம்.

“நீங்கதான் ஆடறீங்கன்னு எனக்குத் தெரியும்பா” என்றான். “அம்மா அப்படி வைக்க மாட்டா. வளைவுக்கு வளைவு, ஸ்கேல் வெச்ச மாதிரி. பார்த்ததுமே தெரிஞ்சுது. எங்க ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொன்னேன், எங்கப்பா கேம் ஆடறார்னு. அம்மா பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுக்கறான்னு நினைச்சேன். மத்லப், ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சிரிச்சிட்டு ஆடறீங்கன்னு. சரி, அப்பா வராரு, நாமளா போன் பண்ணிக் கெடுக்க வேண்டாம், அவரே பண்ணட்டும்னு இருந்தேன்.”

நான் கொடியில் சொட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அந்த விளக்கு அணையற ரூல் இருக்குல்ல. ஃபிரெண்ட்ஸ் வேண்டாம்னாங்க. ஒரு நாள் வரலைன்னா அணைஞ்சா யார் ஆடுவாங்கன்னு. நான்தான் கேக்கலை. அது அம்மாவுக்காக வெச்சது. அவளுக்கு ஏதாவது ஆனா விளக்கு வராது. என் ஆள் உக்காந்துடுவான். உடனே எனக்குத் தெரிஞ்சுடும். பைக் எடுத்தா ஒரு மணி நேரம்.” கையை விரித்துக் காட்டினான். “எல்லாம் யோசிச்சேன். வேற ஆள் வைப்பாங்கன்னு யோசிக்கலை.”

அவன் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஓர் ஆட்டத்தில் தான் விட்ட பிழையைச் சொல்வதைப் போலத்தான் சொன்னான். நான் ஒன்றுமே செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருந்தால்கூட அவன் வந்திருப்பான். ஆயுளில் முதல் முறையாக அவனுடைய ஆட்டத்தை ஒழுங்காக ஆடினேன். அதனால்தான் அவன் வராமல் போனான்.

“டாக்டர் சரியாயிடும்னுதான் சொல்லிட்டு இருந்தார்” என்றேன். “திடீர்னு ஆயிடுச்சு.”

அவன் நம்பினான். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் கராடியிலிருந்து வர ஆரம்பித்தான். காய்கறி வாங்கி வருவான். எனக்கு மாத்திரைகளைப் பிரித்து வைப்பான். தனக்குத் தெரிந்த அளவில் சமைப்பான். ரசத்தில் உப்பு இருக்காது. “டீக்கே?” என்று கேட்பான். நன்றாக இருக்கிறது என்பேன். அம்மாவைப் பற்றிப் பேசும்போது, “அவளுக்கு என்னைப் பாக்கணும்னு தோணியிருக்குமாப்பா? இல்லை, நினைவே இல்லாம இருந்தாளா?” என்று ஒருமுறை கேட்டான். “நினைவு இல்லை” என்றேன். அவன் பெருமூச்சு விட்டான். அது அவனுக்கு ஆறுதலாக இருந்ததைப் பார்த்தேன். எனக்கும் அது வசதியாக இருந்தது.

இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. அவன் எவ்வளவு அன்பாக இருந்தானோ அவ்வளவுக்கு என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் போனது. சாப்பிடும்போது தட்டைப் பார்ப்பேன். ஒரு கட்டத்தில், எழுதிவிடுவோம் என்று தோன்றியது. எல்லாவற்றையும் எழுதிவிட்டால் சொன்னதாக ஆகிவிடும் என்று நினைத்து, இப்போது நீங்கள் படித்துக்கொண்டிருப்பதை எழுத ஆரம்பித்தேன்.

பாதி எழுதியபோது ஒரு விஷயம் உறைத்தது. அவன் பிறந்து வளர்ந்தது புனேவில். வீட்டில் தமிழ் பேசுவான். படிக்கத் தெரியாது. ஊருக்குப் போனால் பஸ் போர்டை எழுத்துக் கூட்டுவதற்குள் பஸ் போய்விடும் என்று அவன் அம்மா கேலி செய்வாள். அவனால் படிக்க முடியாத எழுத்தில், அவனைத் தவிர எல்லோரிடமும் நான் ஒப்புக்கொண்டிருந்தேன். இதுவும் பழைய வேலைதான். அவன் முன்னால் வாயைத் திறக்காமல் வேறு ஏதோ ஒன்றைச் செய்துவிட்டுச் சொன்னதாக வைத்துக்கொள்ளும் அதே வேலை. எழுதுவதை நிறுத்தினேன்.

அடுத்த ஞாயிறு அவன் வந்து, சாப்பிட்டு, பாத்திரங்களைக் கழுவப் போனான். நான் சமையலறை வாசலில் நின்றேன்.

“அம்மாவுக்கு நினைவு இருந்துச்சு” என்றேன்.

அவன் குழாயை மூடினான்.

“உன்னை வரச்சொல்லுங்கன்னு எங்கிட்டச் சொன்னா. நான் உன்கிட்டச் சொல்லலை. சொல்லிட்டேன்னு அவகிட்டச் சொன்னேன். நீ வரேன்னு சொன்னதாவும் சொன்னேன்.”

அவன் திரும்பவில்லை. முதுகைப் பார்த்துக்கொண்டே மீதியையும் சொன்னேன். டாக்டர் சொன்னது, போனைப் பைக்குள் போட்டது, அவள் தலை சீவிக்கொண்டது, கூடத்தில் உட்கார்ந்து நான் சிரித்தது. எதையும் விடவில்லை. என் குரல் வகுப்பில் பேசுவதைப் போலச் சீராக இருந்தது எனக்கே அருவருப்பாக இருந்தது.

“அப்போ,” என்றான், “நான் வரேன்னு சொல்லிட்டு வரலைன்னு நினைச்சுட்டுத்தான் போனாளா?”

“ஆமா.”

“எவ்வளவு நேரம் பார்த்துட்டு இருந்தா?”

“அன்னிக்குப் பூரா.”

“என்ன சொன்னா? நான் வரலைன்னதும் ஏதாவது சொல்லியிருப்பால்ல.”

இதை மட்டும் இந்த எழுத்திலும் இதுவரை தள்ளிக்கொண்டே வந்தேன். அன்று மாலை பார்வையாளர் நேரம் முடிந்து நான் கிளம்பும்போது அவள் சொன்ன வார்த்தைகளை அப்படியே அவனிடம் சொன்னேன்.

“மழை இப்பிடிப் பேஞ்சுட்டிருக்குதே, ரோடெல்லாம் தண்ணியா நிக்கும். பையன் அதான் வரலை. அவசரம் ஒண்ணும் இல்லை, வண்டியை மெதுவா ஓட்டிட்டு வரச்சொல்லுங்க, அப்டீன்னா.”

அவன் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டான். கையில் சோப்பு நுரை அப்படியே இருந்தது. கிட்டே போகலாமா என்று ஓரடி வைத்தேன். “வேண்டாம்” என்றான். சத்தமாகச் சொல்லவில்லை. வெகுநேரம் கழித்து எழுந்து, மிச்சப் பாத்திரங்களையும் கழுவித் துடைத்து அடுக்கினான். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போனான். கதவைப் பூப்போலச் சாத்தினான்.

அதற்கடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. எழுதி நிறுத்தியதை இப்போது முடித்திருக்கிறேன், இதனால் எதுவும் தீராது என்று தெரிந்தே. தினமும் காலையில் அவனுக்குப் போன் செய்கிறேன். முதல் வார்த்தை என்ன என்று இப்போதெல்லாம் யோசிப்பதில்லை. அவன் எடுப்பதில்லை. மணி முழுதாக அடித்து ஓய்ந்து, யாரும் எடுக்கவில்லை என்று பதிவுசெய்த ஒரு பெண் குரல் மராத்தியில் சொல்லி முடிக்கும் வரை காதிலேயே வைத்திருந்துவிட்டு, பிறகு கீழே வைக்கிறேன்.